சுக்கான் என் கைக்கு வந்த விதம்

என்னை முதமுதலா படகுல ஏத்துன அன்னைக்கு எங்க வீட்டுக்காரரு சொன்ன வார்த்தை, "ஏறு, மூட்டை." கல்யாணமாகி பதினோரு வருஷத்துல என்னை அவரு அப்படிக் கூப்பிட்டதே இல்லை. வீட்டுல 'ஏம்மா'ன்னுதான் கூப்பிடுவாரு. டீ சூடா இருந்தா ஆத்திக் குடுப்பாரு. அப்பேர்ப்பட்ட மனுஷன் தண்ணியில கால் வெச்ச உடனே வேற ஆளா மாறிடுவாருன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லி வைக்கல.

நான் மன்னார்குடிப் பக்கத்து வயக்காட்டுப் பொண்ணு. நாத்து பறிப்பேன், நடவு நடுவேன், வரப்பு உடையாம மடை மாத்துவேன். தண்ணின்னா எனக்கு முழங்கால் வரைக்கும்தான். கட்டிக்கிட்டு வந்தது முத்துப்பேட்டைக்குத் தெக்கே, அலையாத்திக் காட்டைத் தாண்டி ஒரு கடலோர ஊரு. ரெண்டு வீடும் வேதக்காரங்க, ஒரு மாதா கோயில் திருவிழாவுல பாத்துப் பேசி முடிச்சது. வந்ததுலேர்ந்து நான் கரையோட சரி. வலையிலேர்ந்து நண்டு எடுத்துப் போடுவேன், அறுந்த வலையைத் தைப்பேன், அவ்வளவுதான். கடலுக்குப் போறது அவரும் அவரோட அண்ணனும். படகு ரெண்டு பேருக்கும் பொது. மூத்தாரு வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாரு பாருங்க, அங்க ஆரம்பிச்சுது என் சனியன்.

எங்க கடல் ஆழமில்லாத கடல். ரொம்ப தூரம் போனாலும் இடுப்பளவு, கழுத்தளவு, அடியில பூராவும் சேறு. எஞ்சின் விசிறி அதுல மாட்டி நின்னுடும். அதனால எங்க பக்கம் நண்டுக்குப் போறவங்க பாய் கட்டுன வத்தையிலதான் போவாங்க. வத்தைங்கிறது ஒல்லியான படகு. பாயில காத்து அடிச்சா ஒரு பக்கமா சாஞ்சுக்கும். கவுந்திடாம இருக்க, காத்து வர்ற பக்கமா ஒரு நீளப் பலகையைக் குறுக்க நீட்டி வெச்சிருப்பாங்க. அது நுனியில ஒரு ஆள் போயி உக்காரணும், கீழ கடல் ஓடும். காத்து கூடினா நுனிக்குப் போவணும், குறைஞ்சா உள்ள வரணும். இன்னொரு ஆள் பின்னால சுக்கான் பிடிப்பாரு. பலகைக்கு ஆள் இல்லாதவங்க மணல் மூட்டையை வெச்சுக் கட்டிக்குவாங்க. "மூட்டை"ன்னு அவரு என்னைக் கூப்பிட்டது அதை வெச்சுத்தான்.

அண்ணன் போனப்புறம் ஊர்ல ஆம்பளைங்களே இல்லாத மாதிரி என்னை ஏன் ஏத்துனாருன்னு எல்லாரும் கேட்டாங்க. "வீட்டு ஆளே இருக்கும்போது வெளி ஆள் எதுக்கு"ன்னு சிரிச்சு மழுப்பிட்டாரு. நெசமான காரணம் எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அவருக்குச் சர்க்கரை. அது கண்ணுல இறங்கிடுச்சு. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில பாத்த டாக்டரம்மா, போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாத்திக்குங்கன்னு சொல்லிட்டாங்க. நேராப் பாத்தா நடுவுல கருப்பா ஒரு வட்டம். ஓரத்துல மட்டும் தெரியும். தெருவுல நடப்பாரு, சோத்தைப் பிசைஞ்சு சாப்பிடுவாரு, யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆனா எதுக்க நட்டு வெச்ச கம்பு தெரியாது.

பஸ்ஸுல திரும்பி வரும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "கரையில ஒரு குஞ்சுக்குக்கூட இது தெரியக் கூடாது. தெரிஞ்சா என் கையிலேர்ந்து சுக்கானைப் பிடுங்கிடுவாங்க. சுக்கான் போச்சுன்னா நான் செத்துட்டேன்னு வெச்சுக்க"ன்னாரு. மாதா மேல சத்தியம் வாங்குனாரு. நானும் அழுதுக்கிட்டே பண்ணிக் குடுத்தேன். "நீ என் கண்ணா இரு. கை என்னோடது"ன்னாரு. எவ்வளவு அழகாச் சொல்றாருன்னு நெனைச்சு உருகிப் போயிட்டேன், கூறுகெட்டவ.

மறுநாளே தெரிஞ்சுது அந்த அழகு. பலகையில உக்காந்தா அது விளிம்பைத் தவிர பிடிக்க ஒண்ணுமில்லை. "உள்ள வா"ம்பாரு. நகர்றதுக்குள்ள "வெளிய போ"ம்பாரு. ஒரு நொடி தாமதிச்சா கயித்து நுனியால முதுகுல ஒரு இழுப்பு. ஈரக் கயிறு. அடிபட்டவங்களுக்குத்தான் அது எப்படி எரியும்னு தெரியும். உள்ளங்கை கொப்புளம் உடைஞ்சு ரத்தமா வந்தப்ப, கடல் தண்ணியை மொண்டு அது மேலயே ஊத்துனாரு. "காய்ச்சுப் போனாத்தான் கை"ன்னாரு. நான் 'அம்மா'ன்னு கத்துனேன். "மணல் மூட்டை கத்தாது. அதுக்கும் உனக்கும் அதான் வித்தியாசம்"னாரு. பக்கத்துப் படகுல போன ரெண்டு பேரு அதைக் கேட்டுச் சிரிச்சாங்க. அன்னைக்கு என் மானம் கப்பலேறிப் போச்சு.

ஒரு பொம்பளை ஒன்னுக்கு அவசரம்னு சொன்னா மூஞ்சியைத் திருப்பிக்கிறதுக்குக்கூட அந்தக் கடல்ல அவருக்கு மனசு வரல. "எனக்குத்தான் கண்ணு தெரியாதே, என்ன வெக்கம்"ன்னு கேட்டாரு. இதையெல்லாம் நான் மறக்கல. மறக்கிற ஜாதியும் நான் இல்லை.

ஆனா ஒண்ணு சொல்லணும். கத்துக் குடுத்தாரு. அடிச்சாலும் மிதிச்சாலும் அந்த மனுஷன் வாயிலேர்ந்து வந்தது அத்தனையும் வித்தை. "மூஞ்சியை மெதுவாத் திருப்பு. காத்து ரெண்டு காதுலயும் ஒரே அளவா விழுதா? இப்ப உன் மூக்கு காட்டுற பக்கம்தான் காத்து." இப்படிச் சொல்லுவாரு. வேகமான காத்து வர்றதுக்கு முன்னாடி தண்ணி மேல கருப்பா ஒரு நடுக்கம் ஓடி வரும், அது படகைத் தொடுறதுக்குள்ள நீ பலகை நுனிக்குப் போயிருக்கணும்னு சொல்லுவாரு. அந்தக் கருப்பு அவருக்குத் தெரியாது. நான் "வருது"ம்பேன், அவரு சுக்கானைத் திருப்புவாரு. ரெண்டாவது மாசம் தாமானை என் கையில குடுத்தாரு. பாயோட கீழ்முனையில கட்டியிருக்கிற கயிறு அது. இழுத்துப் பிடிச்சா பாய் காத்தை வாங்கும். விட்டா காத்து வழிஞ்சு போயி படகு நிமிந்துக்கும். "என்ன ஆனாலும் தாமானைக் கட்டாதே. கையிலயே வெச்சுக்க. கை எரிஞ்சாலும் சரி, கட்டுனா சாவு"ன்னு நூறு தடவை சொல்லியிருப்பாரு.

சுக்கானை மட்டும் தொட விடல. ஒருநாள் வலை இழுத்து முடிச்சு அவரு தண்ணி குடிக்கிற நேரத்துல சும்மா அது மேல கை வெச்சுப் பாத்தேன். வெச்ச கை மேலயே துடுப்புக் கட்டையால போட்டாரு. ரெண்டு விரல் வீங்கிப் போச்சு. வீட்டுக்கு வந்து அவரேதான் மஞ்சள் பத்துப் போட்டாரு, ஊதி ஊதி. அந்த ஊதலைப் பாத்தப்பதான் எனக்கு வயிறு எரிஞ்சுது. அடிச்சதைக்கூட நான் பொறுத்துக்குவேன்.

அதுக்கப்புறம் நானும் ஒரு விளையாட்டு ஆரம்பிச்சேன். எங்க கடல்ல கம்பு நட்டு அதுல வலை கட்டி வெச்சிருப்பாங்க, பலபேரோட வலை. படகு அதுல மோதினா பாயும் கிழியும், சண்டையும் வரும். நான் தான அவரு கண்ணு? ஒண்ணுமே இல்லாத தண்ணியில திடீர்னு "வலப்பக்கம் கம்பு!"ன்னு கத்துவேன். அவரு பதறிப்போயி சுக்கானை ஒடிப்பாரு. படகு குலுங்கும், அவரு மூஞ்சி வெளுக்கும், வாய் கோணிக்கும். கயித்தால அடிச்ச மனுஷன் என் ஒரு சொல்லுக்குப் பயந்து நடுங்குறதைப் பாக்க எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துது. நாலு தடவையோ அஞ்சு தடவையோ பண்ணினேன். கடைசித் தடவை அவரு தலையைச் சாய்ச்சுக் கேட்டாரு. "கம்பு இருந்தா தண்ணி சலசலக்கும்"னு மெதுவாச் சொன்னாரு. அடிக்கல. ஆனா அன்னையிலேர்ந்து நான் எது சொன்னாலும் அவரு கை ஒரு நொடி யோசிக்கும்.

அந்த நாளும் வந்துது. நண்டு நல்லா விழுந்திருந்த நாளு. முன்மதியம் திரும்பிக்கிட்டு இருக்கோம். மேக்காலேர்ந்து கச்சான் காத்து, படகுக்கு இடப்பக்கம். நான் பலகை மேல, தாமான் என் கையில. கடல் வத்திக்கிட்டு இருந்த நேரம். தண்ணி நிறம் மாறுறதை நான் பாத்துச் சொல்லியிருக்கணும், கூடையிலேர்ந்து வெளிய ஏறுன நண்டைப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன். சொத்துன்னு சேத்துத் திட்டுல ஏறி நின்னுடுச்சு படகு.

இப்ப ஒரு கடக்கரைப் பொண்ணு என்ன பண்ணியிருப்பா? முதல்ல பாயை இறக்குவா. உக்காந்த இடத்துலேர்ந்து கம்பால ஊனித் தள்ளுவா. இறங்கியே ஆகணும்னாலும் படகுக் கயித்தைக் கையில சுத்திக்கிட்டு இறங்குவா. எனக்கு அதெல்லாம் தோணல. சேறுன்னதும் எனக்கு வயல்தான் ஞாபகம் வந்துது. சேத்துல வண்டி மாட்டிக்கிச்சுன்னா நாங்க என்ன பண்ணுவோம்? மாடு ஓடாம இருக்கக் கயித்தை நுகத்தடியில இறுக்கிக் கட்டிட்டு, இறங்கிப் பின்னால தோளைக் குடுப்போம். அதையே செஞ்சேன். தாமானைப் படகுக் குறுக்குக் கட்டையில மாட்டு முடிச்சாப் போட்டு இறுக்கிக் கட்டினேன். "ஏய், என்ன பண்றே?"ன்னு அவரு கேக்குறதுக்குள்ள தொப்புன்னு குதிச்சு, சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, தோளைக் குடுத்து ஒரே தள்ளு.

என் கனம் இறங்குனதுலயே படகு பாதி மிதந்துடுச்சு போல. நான் தள்ளுனது மிச்சத்துக்கு. பாய் பூராவும் காத்து. கையை விட்டுப் பிச்சுக்கிட்டுப் போச்சு படகு. நான் தொடை வரைக்கும் சேத்துல நிக்கிறேன், ஒரு காலை எடுத்தா இன்னொரு கால் இறங்குது. அவரு தனியா, சுக்கானைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணு தெரியாம. பலகையில ஆளில்லை, தாமான் கட்டிக் கெடக்கு, படகு வலப்பக்கமாச் சாஞ்சுக்கிட்டே ஓடுது. நேரா முன்னால ஒரு கம்பு வலை. வரிசையா நிக்குது கம்பு.

"இடப்பக்கம்! இடப்பக்கம் திருப்புங்க! கம்பு இருக்கு!" தொண்டை கிழியக் கத்துனேன். இடப்பக்கம் திருப்பியிருந்தா கம்பும் தப்பும், படகு மூக்கு காத்துக்கு நேராப் போயி பாயும் அடங்கியிருக்கும். அவரு தலை நிமிந்துது. கேட்டுடுச்சு, எனக்குத் தெரியும். கை யோசிச்சுது. அந்த ஒரு நொடி, நான் சொல்றது பொய்யா நெசமான்னு யோசிச்சுது. "சத்தியமா இருக்குங்க! ஐயோ, மாதா மேல சத்தியமா!"ன்னு கத்தினேன். அதுக்குள்ள மோதிடுச்சு. பாய் டர்ருன்னு கிழிஞ்சுது. படகு வலையைச் சுத்திக்கிட்டுக் கவுந்துது. அவரு தலை தண்ணிக்கு மேல வர்ற வரைக்கும் நான் மூச்சு விடல.

பக்கத்துல மூணு படகு இருந்துது. வந்து அவரைத் தூக்குனாங்க, அப்புறம் என்னையும் சேத்துலேர்ந்து பிடுங்குனாங்க. வலைக்குச் சொந்தக்காரர் அதுல ஒருத்தரு. "ஏம்ப்பா, பட்டப்பகல்ல இவ்வளவு கம்பு நிக்குது, கண்ணு எங்க இருந்துது உனக்கு?"ன்னு கேட்டாரு. எங்க வீட்டுக்காரரு வாயிலேர்ந்து உப்புத்தண்ணி வடியுது. அப்பவும் சொன்னாரு, "எல்லாம் இந்த வயக்காட்டுக் கழுதை பண்ணுன வேலை. தாமானைக் கட்டிட்டு இறங்கிடுச்சு. முடிச்சை அவுக்குறதைப் பாப்பனா, கம்பைப் பாப்பனா?" மூணு படகும் என்னைப் பாத்துச் சிரிச்சுது. ஒருத்தன், "மாட்டைக் கட்டிப்போட்டியாம்மா?"ன்னு கேட்டான்.

அவரு சொன்னது பொய் இல்லை. முடிச்சு என்னோடதுதான். நான் போட்ட கம்பு விளையாட்டைப் பத்தி அவரு மூச்சே விடல, அதையும் சொல்லிக்கிறேன். சொல்லியிருந்தா என் கதை அன்னைக்கே நாறியிருக்கும். ஆனா அந்த நேரத்துல எனக்கு அதெல்லாம் தெரியல. முதுகு எரிஞ்சுது, விரல் எரிஞ்சுது, அந்தச் சிரிப்பு எரிஞ்சுது.

"அவருக்குக் கண்ணு தெரியாது"ன்னேன்.

சிரிப்பு நின்னுடுச்சு. "ஏழு மாசமாத் தெரியாது. என் கண்ணாலதான் ஓட்டுறாரு. வேணும்னா நேரா நின்னு எத்தனை விரல்னு கேட்டுப் பாருங்க." வலைக்காரர் நெசமாவே கையைத் தூக்கி மூணு விரலைக் காட்டுனாரு. எங்க வீட்டுக்காரரு அவரு பக்கம் பாக்கல. என் பக்கம் திரும்புனாரு, நான் எங்க இருக்கேன்னு சரியாத் தெரியாம கொஞ்சம் தள்ளிப் பாத்துக்கிட்டு, "சத்தியம் பண்ணியேடி"ன்னு மட்டும் கேட்டாரு.

சாயங்காலத்துக்குள்ள ஊர் பூராவும் தெரிஞ்சு, மூத்தாரு வீடியோ கால்ல வந்துட்டாரு. தம்பி இனிமே படகுல கால் வைக்கக் கூடாது, படகை வேற ஆளுக்கு விட்டுடுறேன்னாரு. "எதுக்கு வேற ஆளு, நான் ஓட்டுறேன்"னேன். "உனக்குத் தெரியுமா?"ன்னு கேட்டாரு. "தெரியும்"னேன். சுக்கானை ஒரு தடவைகூடப் பிடிச்சதில்லை நான். ஆனா ஏழு மாசமா அந்தக் கையைத் தவிர வேற எதைப் பாத்தேன்? "சரி, ஆனா அவன் ஏறக் கூடாது"ன்னாரு. ஒரு வார்த்தை நான் எதிர்த்துப் பேசியிருந்தா மூத்தாரு எறங்கி வந்திருப்பாரு. பலகையிலயாவது உக்காரட்டும்னு கேட்டிருக்கலாம். பக்கத்துலதான் உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தாரு எங்க வீட்டுக்காரரு, நான் அந்த வார்த்தையைச் சொல்லுவேன்னு. சொல்லல.

பாயைத் தைக்கப் பத்து நாளாச்சு. பதினோராம் நாள் விடிஞ்சதும் பக்கத்து வீட்டுப் பொம்பளையைப் பலகைக்குக் கூட்டிக்கிட்டுக் கரைக்குப் போனேன். எங்களுக்கு முன்னாடியே அவரு வந்து நிக்கிறாரு. கடலுக்குப் போற பழைய சட்டை, தலையில துண்டு. படகைத் தள்ளுறதுக்குக் கை குடுத்தாரு. படகு மிதந்துடுச்சு. நாங்க ஏறிட்டோம். அவரு விளிம்பைப் பிடிச்சுக்கிட்டுக் கூடவே நடந்து வர்றாரு, இடுப்பளவுத் தண்ணியில, மார்பளவுத் தண்ணியில. ஏறுங்கன்னு சொல்லுவேன்னு பாத்தாரு.

"கையை எடுங்க"ன்னேன்.

எடுத்துட்டாரு. எனக்கு அப்ப சந்தோஷமா இருந்துது. மறைச்சு என்ன ஆவப்போவுது?

சுக்கான் ஒரு கையில, தாமான் ஒரு கையில. கரைக்காத்து பின்னால ஒரு ஓரமா அடிச்சுது. படகு என் பேச்சைக் கேட்டுது. ரெண்டு வலை நீளத்துக்குப் போயிருப்போம், நான் முன்னால பாத்துக்கிட்டுப் பெருமையில உக்காந்திருக்கேன், முதுகுப் பக்கம் வர்ற கருப்பு நடுக்கத்தைத் திரும்பிப் பாக்கவே இல்லை. கரையிலேர்ந்து சத்தம் வந்துது. "தாமானை விடு! விடு, விடு!" காத்து முதல்ல அவரைத்தான தாண்டி வரணும்? அவரு காதுல அது விழுந்திருக்கு. யோசிக்காம கையைத் திறந்தேன். கயிறு ஓடுச்சு, பாய் படபடன்னு அடிச்சுது, சாஞ்ச படகு தண்ணி வாங்குற விளிம்புல நின்னு நிமிந்துது. பலகையில இருந்த பொம்பளை 'மாதாவே'ன்னு அலறுனா. அவரு கத்தலைன்னா ரெண்டு பேரும் அன்னைக்குக் கவுந்திருப்போம்.

சாயங்காலம் வலையை உதறிக்கிட்டு இருக்கேன். அவரு வந்து பக்கத்துல குந்துனாரு. குரல்ல அந்தப் பழைய வீட்டுக் குரல்.

"ஏம்மா, காலையில நான் கத்துனது கேட்டுச்சா?"

"எப்ப?"

"காத்து வந்தப்ப. தாமானை விடுன்னு கத்துனேனே."

"இல்லியே. நானாத்தான் விட்டேன்."

கையில ஒரு நண்டுக் காலை எடுத்து உருட்டிக்கிட்டு இருந்தாரு. "காத்து எங்கிட்டேர்ந்து உன் பக்கமாத்தான அடிச்சுது. கேட்டிருக்கணுமே"ன்னாரு.

"எனக்கு ஒண்ணும் கேக்கல."

"சரி"ன்னாரு. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எழுந்து போனாரு. மறுநாள் காலையில அவரு கரைக்கு வரல. அதுக்கு அடுத்த நாளும் வரல.